தலை நுழையாத மஞ்சள் கவுன்: வீட்டில் கோடை உடுப்பு தைத்த ஒரு நிகழ்வு

பின்னணி

இது வேலூரில் எங்கள் தெருவில் நடந்தது. வீட்டில் நான்கு பேர்: முப்பத்தைந்து வயதுப் பெண், கணவர், ஆறு வயது மகள், மாமியார். அந்தப் பெண்ணுக்கு அதுவரை ஊசி பிடித்த பழக்கம் என்றால் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைப்பதும் சட்டைக்குப் பட்டன் வைப்பதும்தான். நான் பக்கத்து வீடு. பல வருடமாக வீட்டுத் துணியை நானே தைத்துக்கொள்கிறவள். இந்த விஷயத்தில் முதலில் வேடிக்கை பார்த்தேன், பாதியில் உள்ளே இழுக்கப்பட்டேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

மார்ச் கடைசியிலேயே வெயில் ஏறிவிட்டது. மகளுக்குக் கழுத்தைச் சுற்றியும் முதுகிலும் வேர்க்குரு. பீரோவில் இருந்த கவுன்களெல்லாம் பிறந்தநாள், கல்யாணம் என்று வாங்கியவை. மேலே நெட், உள்ளே பாலியஸ்டர் லைனிங், பக்கத்துத் தையல் முழுக்க நைலான் நூலில் ஓவர்லாக், அதாவது பிசிறு வராமல் விளிம்பைச் சுற்றிப் போடும் தையல். உள்பக்கத்தை விரலால் தடவினால் நமக்கே உறுத்தும், குழந்தை முதுகுக்குக் கேட்கவே வேண்டாம். பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் 8 சதவீதம் போல ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது, அதனால் வேர்வை துணிக்குப் போகாமல் தோலிலேயே நிற்கும். காட்டிய டாக்டரும் தளர்வான காட்டன் துணி போடுங்கள், பவுடரைக் கொட்டாதீர்கள் என்றுதான் சொன்னார்.

வீட்டில் மாமியாருடைய பழைய கறுப்பு மிதி மெஷின் ஒன்று இருந்தது. ஓடி 11 வருடம் ஆகிறதாம். அதன் தலையில் இட்லிக் குண்டானும் பழைய பேப்பர் கட்டும் உட்கார்ந்திருந்தன. பள்ளி லீவு விடுவதற்குள் கையில்லாத காட்டன் கவுன் நான்கு தைத்துவிடலாம் என்று அந்தப் பெண் முடிவு செய்தார். டெய்லரிடம் கொடுத்தால் சித்திரை முழுக்க ஜாக்கெட் வேலை இருக்கிறது, மே கடைசியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம், அதுவும் ஒரு காரணம்.

மெஷினை எழுப்பியது

மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டு, வெடித்துப்போன தோல் பெல்ட்டை மாற்றி, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். முதல் இரண்டு நாள் அந்தப் பெண் நூலே கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேல் ஓட்டிப் பழகினார். தையல் வகுப்பிலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், நல்ல பழக்கம். ஆனால் தாள் ஊசியை மழுங்கடித்துவிடும், அதே ஊசியோடு துணிக்குப் போகக் கூடாது. இவர் அதே ஊசியோடு போனார். அது மெஷின் டிராயரில் கிடந்த 16ஆம் நம்பர் ஊசி வேறு, மெல்லிய காட்டனுக்கு முரடு.

மிதிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கால் தடுமாறிச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினால் நூல் அறுந்துவிடும். மாமியாருக்குக் கண் மங்கல், ஊசியில் நூல் கோக்க முடியாது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்து "பின்னாடி சுத்துது பாரு", "பெல்ட்டு வழுக்குது" என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் கவுன்

கடைத்தெருவில் 44 இன்ச் அகலத்தில் மஞ்சள் பூப்போட்ட காட்டன், மீட்டர் 130 ரூபாய், ஒன்றரை மீட்டர். கடைக்காரர் பேசிக்கொண்டே கத்தரியை ஓட்டினார், வெட்டிய விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்தக் காலத்துக் கடைகளில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துப் பர்ரென்று கிழித்துக் கொடுப்பார்கள். காட்டனைக் கிழித்தால் அகலவாட்டில் ஓடும் ஊடை நூல் ஒன்றையே பிடித்துக்கொண்டு நேராகப் போகும், அதில் ஒரு காரியம் இருந்தது.

அந்தப் பெண் துணியை நனைக்கவில்லை. கேட்டதற்கு, "கஞ்சியோட இருந்தாதான் வெட்ட நல்லா இருக்கு" என்றார். அது உண்மைதான், விறைப்பான துணி மேசையில் நழுவாது. அவர் பார்த்த வீடியோவிலும் யாரும் நனைக்கவில்லை.

அளவு எடுத்தார். மார்புச் சுற்று 23 இன்ச். நாலில் ஒரு பங்கு ஐந்தே முக்கால், தையலுக்கு அரை இன்ச், ஆகமொத்தம் ஆறே கால். துணியை நாலாக மடித்து ஆறே காலில் வெட்டினார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை, தைத்து முடித்தால் சரியாக 23 வரும். குழந்தை மூச்சு விடவும் கையைத் தூக்கவும் மட்டும் இடமில்லை. கழுத்து அகலத்தில் பாதி இரண்டே கால், முன்பக்க இறக்கம் 3, பின்பக்கம் ஒன்றரை. இடுப்பில் சுருக்கு வைத்துக் கீழே பாவாடை. நான்கு சாயங்காலம் தைத்தார்.

இரண்டாம் நாளே அடியில் நூல் கூடு கட்டத் தொடங்கியது. மேலே பார்த்தால் தையல் அழகாக இருக்கும், துணியைத் திருப்பினால் பஞ்சு மாதிரி நூல் சிக்கு. அடியில்தானே சிக்கு, அப்போது அடி நூல்தானே கோளாறு என்று அடி நூல் உருளை உட்காரும் பாபின் கேஸில் இருக்கும் சின்ன ஸ்குரூவை முறுக்கினார், இன்னும் முறுக்கினார், அடி நூல் அறுந்தது, துணி சுருங்கியது. எங்கள் வீடு வரை கேட்கிற மாதிரி மெஷினைத் திட்டினார்.

நான்காம் நாள் இரவு கவுன் முடிந்தது. மகளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தார்கள். தலை நுழையவில்லை. காதுக்கு மேல் சிக்கிக்கொண்டு குழந்தை உள்ளேயிருந்து "அம்மா இருட்டா இருக்கு" என்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பின்கழுத்தை நடுவில் கீறி, ஒரு ஊக்கைப் போட்டு, எப்படியோ மாட்டிவிட்டார். ஒரு மணி நேரம் போட்டிருந்தாள். கழற்றியபோது அக்குளில் சிவப்புக் கோடு. அடுத்த நாள் துவைத்து எடுத்ததும் 24 இன்ச் நீளம் 23 ஆகியிருந்தது, மார்பிலும் அரை இன்ச் போயிருந்தது, பாவாடை இடது பக்கம் தொங்கியது.

என்ன பார்த்தோம்

"எனக்கு இது வராதுக்கா, மெஷினை மறுபடி மூடி வெச்சிடறேன்" என்று கவுனை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் நான் உள்ளே வந்தேன். கவுனைத் தரையில் விரித்தோம். ஒவ்வொரு குறையையும் தொட்டுத் தொட்டு ஒரே கேள்வி கேட்டேன்: இது மெஷினில் உட்கார்ந்த பிறகு வந்ததா, அதற்கு முன்னாலேயே வந்ததா?

கோணல் மாணலான ஓரம், அடியில் சிக்கு, ஒரு இடத்தில் விட்டுப்போன தையல், இதெல்லாம் மெஷினில் வந்தவை. இவற்றில் ஒன்றுகூடக் குழந்தையைத் தொந்தரவு செய்யவில்லை. தலை நுழையாதது, அக்குள் அறுத்தது, சுருங்கியது, ஒரு பக்கம் தொங்கியது, இந்த நாலும் துணி தரையில் கிடந்தபோதே முடிவாகிவிட்டவை. இருபது வருடம் அனுபவமுள்ள டெய்லர் இதே வெட்டைத் தைத்திருந்தாலும் தலை நுழைந்திருக்காது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்போ நாலு நாளா நான் மெஷினைத் திட்டினது?" என்றார்.

கழுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் வெட்டிய வளைவில் இன்ச் டேப்பை நிற்கவைத்துச் சுற்றி வந்தால் 14 இன்ச்சும் கொஞ்சமும். குழந்தையின் தலைச் சுற்று 20. காட்டன் இழுபடாது, பனியன் துணி மாதிரி விரிந்து கொடுக்காது. பின்னால் 4 இன்ச் கீறினால் இரண்டு விளிம்பும் சேர்ந்து 8 கூடும், 22 ஆகும், தலை போகும். அவசரத்தில் ஊக்கு போட்டு அவர் செய்தது இதைத்தான், வெட்டுவதற்கு முன்னால் தெரிந்து செய்திருந்தால் அதற்குப் பட்டி வைத்துத் தைத்திருப்பார்.

நூல் சிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக ஆரம்பிக்கிற பத்துப் பேரில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அடியில் சிக்கு விழுந்தால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். மேல் நூலை இழுத்துப் பிடிக்க இரண்டு தட்டு இருக்கிறது. துணியை அழுத்தும் ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் இறுக மூடியிருக்கும். அந்த நிலையில் நூல் கோத்தால் நூல் தட்டுக்கு நடுவில் போகாமல் வெளியே தொங்கும், பிடிப்பு இல்லாத மேல் நூல் அடியில் போய்க் குவியும். ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோத்தோம், ஸ்குரூவை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம், சிக்கு நின்றது.

விட்டுப்போன தையல் மட்டும் நிற்கவில்லை. ஊசியை மெல்லிய 11ஆம் நம்பருக்கு மாற்றிய பிறகு இன்னும் கூடியது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். மெஷின் ஊசியில் ஒரு பக்கம் மேலிருந்து கண் வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும், நூல் கோப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான். இவர் ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தார். மாற்றி மாட்டியதும் மெஷினின் சத்தமே வேறு மாதிரி ஆகிவிட்டது, கூடத்திலிருந்து "இப்போ சரி" என்று குரல் வந்தது.

எடுத்த முடிவுகள்

முதலாவது, அடுத்ததுக்குப் புதுத்துணி வாங்குவதில்லை. பணத்துக்காக மட்டும் இல்லை. ஒன்றரை மீட்டரைக் கெடுத்துவிட்ட பயத்தில் இன்னொரு புதுத்துணியில் கத்தரி வைக்க அவருக்குக் கை வரவில்லை. மாமியார் பீரோவிலிருந்து ஒரு பழைய சுங்குடிப் புடவையை எடுத்து வந்தார், இளம்பச்சையில் வெள்ளைப் புள்ளி. பத்துப் பதினைந்து வருடம் துவைத்தது, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடிந்தது, தோலில் வைத்தால் இருப்பதே தெரியாது. நம் வீடுகளில் பழைய காட்டன் புடவை தூளிக்கும் பிள்ளைத் துணிக்கும் போவது சும்மா இல்லை.

"அத்தை, வெட்டிடலாமா? அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"கட்டாம வெச்சுப் பூச்சிக்குக் குடுக்கறதுக்குப் புள்ள போட்டுக்கட்டும். வெட்டும்மா."

வெட்டுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை அடி அடியாகப் பிடித்துப் பார்த்தோம். கொசுவம் விழும் இடத்தில் கீழ்ப்பகுதி நைந்து சல்லடையாக இருந்தது, கட்டைவிரலால் அழுத்தியதும் கிழிந்தது, அதை ஒதுக்கினோம். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்தோம், சாயம் ஒட்டவில்லை.

இரண்டாவது, அளவைக் குழந்தையின் உடம்பிலிருந்து எடுப்பதில்லை, அவள் வசதியாகப் போட்டுக்கொள்கிற உடுப்பிலிருந்து எடுப்பது. அவர் முதலில் ஒரு பனியன் துணி ஷிம்மியைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன், அது இழுபடும், அந்த அளவில் காட்டனை வெட்டினால் மறுபடி அதே கதைதான். நெய்த காட்டன் ஷிம்மி ஒன்று கிடைத்தது. தரையில் விரித்து அளந்தால் அக்குளிலிருந்து அக்குளுக்குப் பதிமூன்றே கால், சுற்றுக்கு இருபத்தாறரை. உடம்பு 23, உடுப்பு இருபத்தாறரை. லூஸ் என்றால் எவ்வளவு என்பது அந்த மூன்றரை இன்ச்சைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, இடுப்புச் சுருக்கு வேண்டாம். அழகுதான், ஆனால் நாலு மடிப்புத் துணி சேர்ந்து நிற்கும் அந்த இடம்தான் வேர்வையில் ஊறி உறுத்தும். தோளிலிருந்து நேராக விரிந்து இறங்குகிற ஏ லைன் போதும், முன்னொன்று பின்னொன்று என்று இரண்டே துண்டு.

நான்காவதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். அவருக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, போடத் தெரியாது, அதனால் பின்கழுத்தில் இரண்டு நாடா வைத்து முடிச்சுப் போட்டுவிடலாம் என்றார். நான் ஒப்பவில்லை. லீவில் பூங்காவுக்குப் போகிற பிள்ளை, சறுக்கில் எங்காவது நாடா மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவின் குழந்தை உடுப்புத் தரவிதி 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கழுத்துப் பகுதியில் நாடாவே கூடாது என்கிறது. ஒரு பட்டன், எதிரில் அது நுழைகிற அளவுக்குக் கையாலேயே ஒரு நூல் கண்ணி என்று முடிந்தது.

இரண்டாவது கவுன்

புடவையின் ஓரத்தில் சின்ன வெட்டு வைத்துக் கிழித்து நேர் விளிம்பு எடுத்தோம். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் மேலிருந்து கீழே வரும்படி, நியூஸ்பேப்பரில் வெட்டிய அளவு மாதிரியை வைத்தோம். கழுத்தை அகலப் பாதி இரண்டரை, முன் இறக்கம் 4, பின் இறக்கம் இரண்டரை என்று முதலில் பேப்பரில்தான் வெட்டினோம், அளந்தால் 18 சொச்சம், பின்னால் 3 இன்ச் திறப்புக்கு 6 கூட்டினால் 24. பேப்பரையே மகள் தலையில் போட்டுப் பார்த்தோம். அவளுக்கு அது பெரிய விளையாட்டு, கழற்ற மாட்டேன் என்று கொஞ்ச நேரம் செய்தித்தாளோடு சுற்றினாள்.

கழுத்துக்கும் கை நுழையும் ஆம்ஹோலுக்கும் பட்டி வைப்பதில் ஒருமுறை சறுக்கினார். நேர்த் துண்டை வெட்டி வளைவில் வைத்துத் தைத்தார், அது படியாமல் தகடு மாதிரி நின்றது. பிரிக்கச் சொன்னேன். ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து நேராக இழுக்கச் சொன்னேன், கொடுக்கவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு இழுக்கச் சொன்னேன், ரப்பர் போல நீண்டது. அந்தக் குறுக்கு வாட்டத்தில் ஒன்றேகால் இன்ச் அகலத்துக்கு வெட்டுவதுதான் கிராஸ் பீஸ். லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்து, வளைவில் சின்னச் சின்ன வெட்டு வைத்து, உள்ளே மடித்ததும் தானாகப் படிந்தது.

பக்கத்துத் தையலுக்கு ஓவர்லாக் இல்லை. உள்பக்கமும் உள்பக்கமும் சேர்த்து வெளியே தெரிகிற மாதிரி கால் இன்ச்சில் ஒரு தையல், பிசிறை ஒட்ட நறுக்கி, திருப்பிப் போட்டு அந்த விளிம்பை மூடி உள்ளே இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடைபட்டுவிடும், முதுகில் உறுத்த ஒன்றும் இருக்காது. இதில் ஒரு தப்பு என்னுடையது. இப்படித் தைத்தால் முக்கால் இன்ச் போல துணியைத் தின்னும், நான் பழக்கத்தில் அரை இன்ச்தான் விடச் சொல்லியிருந்தேன். நாலு விளிம்பிலும் கால் கால் இன்ச் போய், இருபத்தாறரை வரவேண்டியது இருபத்தைந்தரையில் நின்றது. உடம்புக்கு மேல் இன்னும் இரண்டரை இன்ச் மிச்சம் இருந்ததால் தப்பித்தோம்.

மூன்று சாயங்காலம், ஏழு மணி நேரம் போல ஆனது. அதில் பாதிக்கு மேல் தரையில், மெஷினில் இல்லை.

அப்புறம் நடந்தது

தலை நுழைந்தது. குழந்தை அன்று இரவு அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள், அடுத்த நாளும் கழற்றவில்லை, மாற்றுத்துணி இல்லாமல் இரவில் துவைத்துக் காலையில் போடுகிற நிலை ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் கழுத்து வேர்க்குரு அடங்கியது. இதைக் கவுனின் கணக்கில் எழுத எனக்கு மனம் இல்லை, அதே வாரத்தில் பவுடரை நிறுத்தினார்கள், இரண்டு வேளை குளிக்க வைத்தார்கள். அக்குளில் சிவப்புக் கோடு வராதது மட்டும் கவுனால்தான்.

மூன்றாவதும் நான்காவதும் புதுத்துணி. இந்த முறை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் கத்தரி. இரண்டையும் ஒன்றாக வெட்டினார், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் மூன்று கவுன் கொடியில் தொங்கின. நான்கு என்ற திட்டத்தில் ஒன்று குறைவு, மஞ்சளைச் சேர்க்க முடியாதே. அதன் பாவாடைப் பகுதி பொம்மைக்குப் பாவாடையானது, மீதி அடுப்படியில் கரித்துணி.

செலவு: மெக்கானிக் 400, மஞ்சள் துணி 195, கத்தரிக்கோல் 180, ஊசி நூல் பட்டன் எல்லாம் சேர்த்து 90. அதாவது 865 ரூபாய்க்கு ஒரு கரித்துணியும் ஒரு கவுனும். மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது தையல் ஆரம்பித்தால் முதல் மாதத்தில் அப்படி எதுவும் நடக்காது.

ஒரு விபத்தும் உண்டு. தரையில் விழுந்த குண்டூசியை மகள் மிதித்துவிட்டாள். சின்னக் காயம்தான், டாக்டரிடம் காட்டி முடிந்தது. அன்றிலிருந்து பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மை ஒன்று மெஷின் டிராயரில் இருக்கிறது, வேலை முடிந்ததும் தரையை அதால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். மிதி ஓடும்போது சக்கரத்துப் பக்கம் பிள்ளை வரக் கூடாது என்று கட்டிலை இழுத்துக் குறுக்கே போட்டிருக்கிறார்கள்.

மறுபடி செய்தால்

நான் முதல் நாளே போயிருக்க வேண்டுமா என்று யோசித்தேன். போயிருந்தால் மஞ்சள் துணி தப்பியிருக்கும். ஆனால் தலை நுழையாத கவுனைக் கையில் வைத்திருந்ததால்தான் 14க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு ஒரே பேச்சில் புரிந்தது. இதில் எனக்கே இன்னும் இரண்டு மனம்.

மற்றதில் சந்தேகம் இல்லை. முதல் உடுப்பைப் பழைய புடவையிலோ வேட்டியிலோதான் ஆரம்பிக்கச் சொல்வேன். கழுத்தைப் பேப்பரில் வெட்டித் தலையில் போட்டுப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க விடமாட்டேன். தாளில் பழகிய ஊசியை அன்றே மாற்றச் சொல்வேன். பாபின் கேஸ் ஸ்குரூவில் யாரும் கை வைக்கக் கூடாது, மேல் நூலை மூன்று முறை பிரித்துக் கோத்துப் பார்த்த பிறகும் சிக்கு விழுந்தால் வேண்டுமானால் பார்க்கலாம். உள்ளே மூடித் தைப்பதாக இருந்தால் தையலுக்கு முக்கால் இன்ச் விடச் சொல்வேன், இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

மாமியாரின் டிராயரில் இருந்த பழைய நூல்கண்டுகளை முதல் நாளே தூக்கிப் போட்டிருக்கலாம். இரண்டு கையால் பிடித்து வெடுக்கென்று இழுத்ததும் ஒவ்வொன்றும் முறுக்கு மாதிரி உடைந்தது.

பச்சைக் கவுனின் கீழ் ஓரத்தில் 2 இன்ச் உள்ளே மடித்து விட்டிருக்கிறோம், பிள்ளை வளர்ந்தால் அடுத்த மார்ச்சில் பிரித்து இறக்கிக்கொள்ள. புடவையில் மீந்த ஒன்றரை மீட்டரை மாமியார் மடித்துத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டார்.